ஐந்தாம் இடத்துத் தண்ணீர்

ஆலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. பாட்டில் அக்கா என்றால்தான் தெரியும். கையில் கம்பிக் கூடை, கூடையில் கண்ணாடி மூடி போட்ட பாட்டில்கள், காலில் ரப்பர் பூட்ஸ். வாரத்தில் ஒருநாள் காலையில் இந்தக் கோலத்தோடு ஆற்றுப் பக்கம் கிளம்புவாள். கேட்டில் இருக்கும் காவல்காரர் பதினைந்து வருஷமாக ஒரே ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். "என்னக்கா, காலங்கார்த்தாலயே பாட்டிலா?" அவளும் பதினைந்து வருஷமாக அதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்காவிட்டால் மனிதர் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அது காகித ஆலை. ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து, கூழ் காய்ச்சி, கழுவி, மிச்சத்தைச் சுத்திகரித்து மறுபடி ஆற்றிலேயே விடும். அந்தச் சுத்தம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுவதுதான் அவள் வேலை. அளக்க ஐந்து இடங்கள். ஆலைக்கு மேலே இரண்டு; கழிவுநீர் விழும் வாய்க்கால் முனை மூன்றாவது; பாலத்தடி நான்காவது. ஐந்தாவது பாலத்துக்கும் அப்பால் இரண்டு கிலோமீட்டர், முள்காட்டுக்குள். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் எழுத வேண்டும். ஆறு, ஏழு என்று வந்தால் நல்ல தண்ணீர். நாலுக்குக் கீழே இறங்கினால் மீன் திணறும்.

முதல் நான்கு இடங்களுக்கு அவள் எழுதியதெல்லாம் அளந்து எழுதியது. வெயிலோ காய்ச்சலோ, ஒருவாரம் தவறியதில்லை. ஐந்தாம் இடத்தில்தான் வினை.

எட்டு மாத வயிற்றோடு இருந்தபோதுதான் அந்த இடத்தைப் புதிதாகப் பட்டியலில் சேர்த்தார்கள். அவள் முதல்முறை போக வேண்டிய வாரம் அடைமழை. முள்காட்டுப் பாதை சேறாகிக் கிடந்தது. அப்போதிருந்த தலைமைக் கெமிஸ்ட் அவளைப் பார்த்துப் பதறிப் போனார். "இந்த நிலைமையில அங்க போய் வழுக்கி விழுந்து வெக்காதம்மா. ஓடுற தண்ணி தானா சுத்தமாயிடும். பாலத்தடியில எவ்வளவு வந்துச்சு? அஞ்சு புள்ளி ஒம்போதா? அதைவிடக் கொஞ்சம் கூடப் போட்டு எழுதிடு." நல்ல மனிதர், அக்கறையில்தான் சொன்னார். கெட்டவர் சொல்லியிருந்தால் அவள் கேட்டே இருக்க மாட்டாள். ஆறு புள்ளி மூன்று என்று எழுதினாள். கெமிஸ்ட் கையெழுத்துப் போட்டார். பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது பாதையை முள் மூடியிருந்தது. வெட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஐந்தாம் இடம் மேஜையிலேயே இருந்தது.

பொய் எழுதுவதிலும் அவளுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. கடைசி இலக்கம் பூஜ்யமோ ஐந்தோ வந்தால் சோம்பேறி எழுதியது போலத் தெரியும். அதனால் ஆறு புள்ளி மூன்று, ஐந்து புள்ளி ஏழு, ஆறு புள்ளி ஏழு. யோசித்துச் செய்ததில்லை, கை அப்படிப் பழகிவிட்டது. பதினோரு வருஷம், வாரத்துக்கு ஒன்று என்று ஐநூற்றுச் சொச்சம் எண்கள். எல்லாம் அவள் கண்ணால் பார்க்காத தண்ணீருக்கு.

மேலிடத்திலிருந்து புது விதி வந்தது. இனிமேல் இந்த அறிக்கைகளில், சுற்றுச்சூழல் கொள்கையும் மேலாண்மையும் என்ற முதுகலைப் படிப்பு முடித்தவர்தான் கையெழுத்துப் போடலாம். தலைமைக் கெமிஸ்ட் ஓய்வு பெற்று, ஓய்வு பெற்ற மறுவருஷமே போய்ச் சேர்ந்திருந்தார். மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். கெமிஸ்ட்ரி பட்டம் இருக்கிறது, கணவன் இதே ஆலையில் பாய்லர் ஆபரேட்டர், வீடு ஆலைக் குடியிருப்பில், மகள் ஆலைப் பள்ளியில். எங்கேயும் போக மாட்டாள் என்பதே பாட்டில் அக்காவின் முதல் தகுதி. சனிக்கிழமைதோறும் விடுப்பு கொடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்தொரு வயதில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறியபோது மனசுக்குள் ஒரு திருட்டுச் சந்தோஷமும் இருந்தது. அந்தப் பட்டம் கையில் வந்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வேலை கிடைக்கும். கூடையையும் பூட்ஸையும் கேட்டில் வைத்துவிட்டு, காவல்காரரிடம் கடைசியாக ஒருமுறை சிரித்துவிட்டுப் போய்விடலாம். இதை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

படிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. சட்டம், பொருளாதாரம், ஓர் அணை கட்டுவதற்கு முன்னால் யார் யாரைக் கேட்க வேண்டும் என்ற வரிசை எல்லாம். வகுப்பில் ஒரு வக்கீல் இருந்தார். பேராசிரியை எதைச் சொன்னாலும் "அப்ஜெக்ஷன்" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். பேராசிரியைக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. ஒருநாள் பலகையில் ஒரு கோடு வரைந்தார். மேலேயிருந்து சரிந்து, பள்ளத்தில் விழுந்து, மெல்ல ஏறுகிற கோடு.

"கழிவு விழுந்த எடத்துலயே ஆக்சிஜன் குறைஞ்சிடும்னுதானே நினைக்கிறோம்? கிடையாது. கிருமிங்க அந்தக் கழிவைத் தின்னுக்கிட்டே தண்ணியோட போகும். தின்னத் தின்ன ஆக்சிஜன் செலவாகும். ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளித்தான் இந்தப் பள்ளம் வரும். அதுக்கப்புறம்தான் ஆறு தேறும்."

நோட்டில் அந்தக் கோட்டை வரைந்துகொண்டிருந்தவளின் பேனா பள்ளத்திலேயே நின்றுவிட்டது. பாலத்துக்கு அப்பால் இரண்டு கிலோமீட்டர். ஆற்றிலேயே மோசமாக இருக்க வேண்டிய இடத்தைத்தான் ஆற்றிலேயே நல்ல இடம் என்று பதினோரு வருஷமாக எழுதி வந்திருக்கிறாள். ஒவ்வொரு ஆறும் ஒவ்வொரு மாதிரி, நம் ஆறு அப்படி இருக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பரீட்சையில் அதே கோட்டை வரையச் சொன்னார்கள். முழு மதிப்பெண் வாங்கினாள்.

அந்த வருஷமே குடிநீர்த் திட்டம் வந்தது. ஊருக்கும் குடியிருப்புக்கும் அதுவரை லாரித் தண்ணீர்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் குடத்தோடு தெருவில் நிற்க வேண்டும். இனி வீட்டுக்குள்ளேயே குழாய். ஆற்றில் எங்கே கிணறு இறக்கித் தண்ணீர் எடுப்பது என்று பழைய பதிவுகளைப் புரட்டியவர்கள் ஐந்தாம் இடத்தைக் காட்டினார்கள். பதினோரு வருஷமும் சொல்லிவைத்தாற்போல் நல்ல தண்ணீர். இதைவிட என்ன வேண்டும்?

குடியிருப்பில் எல்லோர் வாயிலும் இதே பேச்சு. அவள் கணவன்தான் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் அலைந்து வீட்டுக்கு வீடு குழாய் போட வைத்தான். சமையலறையில் பளபளவென்று ஒரு குழாய் வந்து உட்கார்ந்தது, தண்ணீர் மட்டும்தான் இன்னும் வரவில்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அதைத் திறந்து பார்ப்பாள். உஸ்ஸென்று காற்று வரும். "சீக்கிரம் வந்துடும்டி," என்பான் அப்பன். பாட்டில் அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இதற்குமேல் ஓட முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது மூன்றாம் பருவத்தில், புள்ளிவிவர வகுப்பில். பேராசிரியை ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வரிசை கொடுத்தார். ஊர் பெயர் கிடையாது, ஆற்றின் பெயர் கிடையாது. "கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணுங்க. நிஜமா அளந்திருந்தா பூஜ்யத்துலேர்ந்து ஒம்போது வரைக்கும் எல்லாமே ஏறக்குறைய சமமா வரணும். மனுஷன் உக்காந்து எழுதினா அப்படி வராது. மனுஷனுக்குப் பிடிச்ச நம்பர்னு ஒண்ணு இருக்கும்."

திரையில் பத்துக் கம்பங்கள் எழுந்தன. எட்டுக் கம்பங்கள் குட்டை. மூன்றும் ஏழும் மட்டும் கூரையை முட்டின.

வகுப்பு சிரித்தது. "பாவம், ஏழு மேல என்ன பிரியமோ!" என்றார் வக்கீல். "அப்ஜெக்ஷன், மேடம். மூணை யாரும் கண்டுக்கவே இல்ல." மறுபடி சிரிப்பு. அவளும் சிரித்தாள். தன் கையெழுத்தைச் சுவரளவு பெரிதாக்கி மாட்டி வைத்திருக்கும் அறையில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியை அவளை நிறுத்தினார். "நீங்க அந்த ஆலையிலதானே இருக்கீங்க? இது உங்க ஆறுதான், அஞ்சாம் இடம். குடிநீர்க் கமிட்டியில என்னையும் போட்டிருக்காங்க. வர்ற புதன்கிழமை முடிவு. இந்த நம்பர் எனக்குச் சரியா படல. ஆனா கம்பத்தைக் காட்டினா, 'அளக்கறவர் பழக்கம் மேடம், விடுங்க'ன்னு முடிச்சிடுவாங்க. உங்க ஆய்வுக்கு இதையே எடுத்துக்கோங்க. யார் எழுதினாங்க, ஏன் எழுதினாங்கன்னு கண்டுபிடிங்க. உங்களைவிட அந்த ஆறு வேற யாருக்குத் தெரியும்?"

"சரி மேடம்," என்றாள்.

மறுநாள் ஞாயிறு. அன்றைக்கும் ஆலையில்தான் இருந்தார் மேனேஜர். சும்மா பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம் என்று போனாள். "சார், அஞ்சாம் இடம் முள்ளு மண்டிக் கிடக்கு. அந்தக் காலத்துல எப்படி அளந்தாங்களோ…"

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எல்லாம் தெரிந்த பார்வையா, எதுவும் தெரிய வேண்டாம் என்ற பார்வையா என்று சொல்ல முடியாது. "பழைய கெமிஸ்ட் கையெழுத்துப் போட்டாரு. அவரும் இல்ல. அதைக் கிளறி என்னம்மா ஆகப்போகுது? பட்டம் வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேன்." இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பை எடுத்துக் கொடுத்தார். அவள் பெயர், அதற்குக் கீழே, சுற்றுச்சூழல் பொறுப்பாளர். "முதல் வேலை, பதினோரு வருஷச் சுருக்கம். புதன்கிழமை கமிட்டிக்குப் போகணும். இனிமே இந்த ஆறே உங்க கையெழுத்துலதான் ஓடப்போகுது."

அந்தப் பட்டத்தை அவள் வெளியே போகும் வாசல் என்று நினைத்திருந்தாள். உள்ளே தள்ளிப் பூட்டுவதற்குத்தான் அவ்வளவு அருமையாகப் படிக்க வைத்திருக்கிறார்கள். ஸ்டாம்ப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

வீட்டில், மகள் விளையாடப் போயிருந்த நேரம் பார்த்துக் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பார்க்காமலே எழுதினியா?"

"ஆமாங்க."

"பதினோரு வருஷமா?"

அவனுக்குக் கோபம் வந்தது. அவன் மணிக்கு ஒருதரம் பாய்லரின் அழுத்த மீட்டரைப் பார்த்து எழுதுகிறவன். பார்க்காமல் ஒரே ஒரு தடவை எழுதினாலும் போதும், கட்டடமே இருக்காது. "என் மீட்டர் பொய் சொன்னா அன்னிக்கே வெடிச்சிடும். உன்னுது வெடிக்காதுல்ல, அதான் எழுதிக்கிட்டே இருந்திருக்க." அப்புறம் தாழ்ந்த குரலில், "சொன்னா உன் வேலை போகும். என்னை மட்டும் விட்டு வெப்பானுங்களா? இந்த வீட்டைக் காலி பண்ணணும். குழந்தை இங்கயே பொறந்து வளர்ந்தது. வாயை மூடிக்கிட்டு இரு. நாம எப்பவும்போல லாரித் தண்ணியே குடிப்போம்."

"மத்தவங்க?"

அவன் சமையலறைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்காகச் செருப்புத் தேய நடந்தவன் அவன்.

அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தன்னைக் காட்டிக்கொடுக்காமல் உண்மையை மட்டும் காட்டிவிட்டால் என்ன? போய் அளப்போம். வந்ததை எழுதிப் பேராசிரியை கையில் கொடுப்போம். பழைய எண்களை யார் எழுதினார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். "அரிவாளை எடுத்துக்கிட்டு வாங்க," என்றாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

இரண்டு கிலோமீட்டர் முள்ளை வெட்டிப் போக மூன்று மணி நேரம் ஆனது. பாதை முடிந்த இடத்தில் ஆறு அகலமாக, அசைவில்லாமல் கிடந்தது. அழுகிய வாடை. கரையோரம் செத்த மீன் இரண்டு. பதினோரு வருஷமாக அவள் நல்லது என்று எழுதிய தண்ணீரை முதல்முறையாக நேரில் பார்த்தாள். முழங்காலளவு இறங்கி, குமிழி விழாமல் இரண்டு பாட்டில் நிரப்பினாள். ஆக்சிஜனைப் பிடித்து நிறுத்தும் மருந்துகளை விட்டாள். ஆக்சிஜன் நிறைய இருந்தால் உள்ளே காபித்தூள் நிறத்தில் படியும். இது வெளிறிப் போய்ப் படிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தில் ஆள் இல்லை. அமிலம் விட்டு, சொட்டுச் சொட்டாக அளவிடும் மருந்தை இறக்கினாள். நடுவில் ஸ்டார்ச் கரைசல் விட்டதும் நீலமானது; அந்த நீலம் மறைந்த நொடியில் குழாயைத் திருகி மூடினாள். அளவைப் பார்த்தாள். பார்த்ததை அவளே நம்பவில்லை. இத்தனை வருஷம் இந்தக் கை எழுதிய எழுத்தைக் கண்ணும் கற்றுக்கொண்டுவிட்டதோ என்று பயம். "நீங்க பாருங்க. எவ்வளவு?"

அவன் குனிந்து, மீட்டர் படிக்கிறவனின் கண்ணோடு நேராகப் பார்த்தான். "ரெண்டு புள்ளி ஏழு."

"நல்லாப் பாருங்க."

"ஏழுதான்டி. எனக்கு மீட்டர் பார்க்கத் தெரியாதா?"

இரண்டாவது பாட்டிலையும் செய்தாள். அதுவும் இரண்டு புள்ளி ஏழு.

செவ்வாய்க்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். பேராசிரியையின் அறையில் மேஜை முழுக்கக் காகிதம். ஒரு நாற்காலியைக் காலி செய்து உட்காரச் சொன்னார். அவள் கொடுத்த தாளைப் படித்தவர் முதலில் புருவத்தைச் சுருக்கினார். அப்புறம் சிரித்துவிட்டார்.

"யாரு அளந்தது இதை? ஆலை ஆளா?"

"ஆமா மேடம்."

"அந்த ஆளேதான் போலிருக்கு. பாருங்க, ரெண்டு பாட்டில், ரெண்டுலயும் ஏழு! இப்ப யாரோ மிரட்டியிருக்காங்க, அதனால புள்ளிக்கு முன்னாடி போடற நம்பரை மட்டும் குறைச்சிட்டான். இதைக் கொண்டுபோய் வெச்சா கமிட்டியில என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க." தாளை மேஜையில் போட்டார். "இது நிஜமாவே இருந்தாலும்கூட, ஒரு நாள் கணக்கு பதினோரு வருஷத்துக்கு எதிர்ல நிக்காதும்மா. 'அன்னிக்கு ஏதோ தண்ணி கெட்டிருந்தது'ன்னு சொல்லிடுவாங்க. அந்தப் பதினோரு வருஷமும் பொய்னு யாராவது வந்து சொல்லணும். யாரு சொல்லுவா?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாழ்நாளில் ஐந்தாம் இடத்தைப் பற்றி அவள் எழுதிய ஒரே உண்மை அந்த மேஜையில் கிடந்தது, அதுவும் அவளுடைய பொய்யின் முகத்தோடு. அதை நம்ப வைக்க வேண்டுமானால் மிச்சம் ஐநூற்றுச் சொச்சத்தையும் பொய் என்று சொல்லியாக வேண்டும். சுற்றிப் போக வழி இருக்கும் என்று நினைத்துத்தான் அந்த முள்ளையெல்லாம் வெட்டினாள். வழி இல்லை.

"மேடம், அந்த ஆளு நான்தான்."

பேராசிரியையின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

"அந்த மூணும் ஏழும் எல்லாம் நான் உக்காந்த எடத்துல எழுதினது. அங்க நான் போனதே இல்ல. போன ஞாயித்துக்கிழமைதான் போனேன். இந்த ஏழு நான் போட்டது இல்ல மேடம். தண்ணி காட்டினது. என் வீட்டுக்காரரும் பார்த்தாரு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டும் சத்தம் கேட்டது. பேராசிரியை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"எழுதித் தர்றீங்களா? எந்தத் தேதியிலேர்ந்து, எப்படின்னு எல்லாத்தையும்." பேனாவையும் நீட்டினார். "ஒண்ணு சொல்லிடறேன். இதுக்கப்புறம் நான் நினைச்சாலும் உங்களுக்கு இந்தப் பட்டம் வாங்கித் தர முடியாது."

"தெரியும் மேடம். பொய்க் கணக்கு எழுதினவங்களுக்குப் பட்டம் இல்லங்கிற விதியை நீங்கதான் முதல் பருவத்துல நடத்தினீங்க."

இரண்டு பக்கம் எழுதினாள். கடைசியில் கையெழுத்துப் போட்டாள். பதினோரு வருஷ அறிக்கைகளிலும் கெமிஸ்டின் கையெழுத்துதான் இருக்கும், அவருக்கப்புறம் மேனேஜருடையது. அந்த ஆற்றைப் பற்றி அவள் தன் பெயரைப் போட்டது இதுதான் முதல் தடவை. "பதவியையும் எழுதிடுங்க," என்றார் பேராசிரியை. கைப்பையைத் துழாவி ஸ்டாம்ப்பை எடுத்தாள். மை இல்லை. வாயால் ஊதி அழுத்தினாள். பாதிதான் விழுந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஐந்தரை. கணவன் ஷிஃப்ட் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் பக்கத்து வீட்டு அக்கா, நாளைக்கு நல்ல சேதி வருமாமே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் வழக்கம்போல் பையோடு ஓடிவந்து குழாயைத் திறந்தாள். உஸ்ஸென்றது. "எப்பம்மா தண்ணி வரும்?"

"இந்தத் தண்ணி வராது கண்ணு. நாம இந்த வீட்டுலயும் கொஞ்ச நாள்தான் இருப்போம்."

"ஏன்?"

பூசி மெழுகிச் சொல்ல அவளுக்கு ஆயிரம் வார்த்தை தெரியும். ஒன்றரை வருஷம் படித்திருக்கிறாள். ஆனால் களைத்துப் போயிருந்தாள். "அம்மா ஆத்துல ஒரு இடத்தைப் பார்க்காமலே நல்லா இருக்குன்னு எழுதிட்டேன். நீ வயித்துல இருந்தப்ப ஆரம்பிச்சது."

மகள் குழாயைப் பிடித்தபடியே யோசித்தாள். அவளுக்குப் பதினோரு வயது.

"நான் பொறந்ததுக்கப்புறம் போய்ப் பார்த்திருக்கலாம்ல?"

கணவன் எழுந்து வந்து குழாயை மூடினான்.